கறுத்த சுருட்டு காட்டமான சுருட்டா? புதியவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

சுருட்டுகள் அடுக்கிய பெட்டியைத் திறந்ததும் புதியவரின் கண் நிறத்துக்குத்தான் போகும். வெளிர் நிறத்தை எடுத்தால் தாங்கும், கறுப்பை எடுத்தால் தலையைச் சுற்றும் என்று மனம் ஒரு கணக்குப் போடும். விற்பவர்களிலும் பலர் அதே கணக்கைத்தான் சொல்வார்கள். அந்தக் கணக்கு தவறு. வெளிர் மேலிலைக்குள் ஆளைச் சாய்க்கும் இலைகள் சுருண்டு கிடக்கலாம். கன்னங்கரேலென்று எண்ணெய் மின்னும் சுருட்டு இனிப்பும் மென்மையுமாக எரிந்து முடியலாம்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், ‘ஸ்ட்ராங்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று சங்கதிகளைத் திணித்துவிட்டதுதான். உடம்பில் ஏறும் நிக்கோட்டின் ஒன்று. வாய்க்குள் புகை எவ்வளவு அடர்த்தியாக நிற்கிறது என்பது இன்னொன்று. நாக்கும் மூக்கும் சேர்ந்து பிடிக்கும் ருசியும் மணமும் மூன்றாவது. இங்கே முதலாவதைக் காட்டம் என்றும், அடுத்ததைக் கனம் என்றும், கடைசியைச் சுவை என்றும் அழைப்போம். மூன்றையும் தனித்தனியே பார்க்கப் பழகினால் பெட்டியிலுள்ள எந்தச் சுருட்டையும் ஓரளவு கணிக்கலாம்.

உள்ளே போகுமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புகையை நுரையீரலுக்குள் இழுக்காவிட்டாலும் சுருட்டு வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களை வரவழைக்கக்கூடியது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கும் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். காட்டம் குறைந்த சுருட்டு என்பதற்கு ஆபத்து குறைந்த சுருட்டு என்று பொருள் கிடையாது. புகைக்காதவர் இதைப் படித்துத் தொடங்க வேண்டியதில்லை. வயது வந்து, ஆபத்து தெரிந்தே தேர்வு செய்கிறவர்களுக்கான விளக்கம் இது.

காப்பியை வைத்துப் பார்ப்போம்

காப்பி குடித்தபின் தூக்கம் கலைவதற்குக் காரணம் காஃபின். அதுதான் அங்கே காட்டம். தண்ணீராக நாக்கில் ஓடுகிறதா, பாலாடைபோல் திரண்டு நிற்கிறதா என்பது கனம். வறுத்த வாசனையும் கசப்பும் பின்னால் வரும் இனிப்பும் சுவை. கறுக்க வறுத்த கொட்டையில் காஃபின் கூடுதலாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வறுப்பது நிறத்தையும் கசப்பையும் கூட்டுமே தவிர, காஃபினைக் கூட்டாது. காஃபின் எவ்வளவு என்பது பெரும்பாலும் கொட்டையின் வகையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

மிளகாயிலும் இதே கதைதான். ரத்தச் சிவப்பாக இருக்கும் சில வகைகள் குழம்புக்கு நிறம் மட்டும் தரும். சுண்டுவிரல் நகமளவு பச்சை மிளகாய் கண்ணில் நீர் வரவைக்கும். கண் சொல்வதை நாக்கு ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமில்லை.

காட்டம் எங்கிருந்து வருகிறது?

கையால் சுருட்டிய நல்ல சுருட்டில் மூன்று அடுக்குகள் இருக்கும். நடுவே மடித்து வைத்திருக்கும் நீளமான இலைகள் நிரப்பிலை. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது கட்டிலை. எல்லாவற்றுக்கும் மேலே அழகாகச் சுற்றியிருப்பது மேலிலை. எடையில் பெரும் பங்கு நிரப்பிலைதான். ஆகவே காட்டத்தை முடிவு செய்வதும் பெரும்பாலும் அதுதான். நம் கண்ணுக்கோ மேலிலை மட்டுமே தெரிகிறது. தவறான கணக்கு பிறக்கும் இடம் இதுவே.

நிக்கோட்டின் புகையிலைச் செடியின் வேரில் உருவாகித் தண்டு வழியே ஏறி இலைகளில் சேர்கிறது. பூச்சிகள் தின்றுவிடாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் நஞ்சு அது. மொட்டு வரும் பருவத்தில் விவசாயி செடியின் உச்சியைக் கிள்ளிவிடுவார். பூவுக்கும் விதைக்கும் போகவிருந்த சத்து இலைகளுக்குத் திரும்பும். வேரும் முன்பைவிட அதிகமாக நிக்கோட்டினை உருவாக்கி மேலே அனுப்பும். உச்சியிலுள்ள இலைகள் வெயிலை நேராக வாங்கித் தடித்து, பிசுபிசுப்பேறி, காட்டம் கூடி நிற்கும். அடியில் இருப்பவை உயரத்திலுள்ள இலைகளின் நிழலில் மெல்லியதாக வளரும்.

அதனால்தான் அறுவடையைக் கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று இலைகளாக, இடைவெளி விட்டுப் பறிக்கிறார்கள். செடியில் இலை இருந்த உயரத்தை வைத்து அதற்குப் பெயர் வைக்கிறார்கள். சுருட்டுத் தொழிலில் எங்கும் புழங்கும் ஸ்பானியப் பெயர்கள் இவை. அடியிலை வோலாடோ: நன்றாகப் பற்றி எரியும், காட்டம் சொற்பம். நடுவிலை செக்கோ: மணம் தருவது. அதற்கு மேல் விசோ: மணமும் காட்டமும் கலந்தது. உச்சியிலை லிகேரோ: காட்டத்தின் இருப்பிடம். லிகேரோ என்ற ஸ்பானியச் சொல்லுக்கு ‘லேசானது’ என்று பொருள். பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு, எச்சரிக்கை.

ஒரு சுருட்டில் லிகேரோ அரை இலையா, ஒன்றா, இரண்டா என்பதில் காட்டத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும். லிகேரோவுக்கு ஒரு குணம் உண்டு. தடிப்பாக இருப்பதால் மெதுவாகத்தான் எரியும். அதனால் சுருட்டுபவர் அதைச் சரியாக நடுவில் வைத்து, சுற்றிலும் நன்றாக எரியும் இலைகளை அணைத்து மடிப்பார். சாம்பலைத் தட்டியதும் கங்கு நடுவில் கூம்பாக நீட்டிக்கொண்டு நின்றால், லிகேரோ தன் இடத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அது ஓரத்துக்கு நகர்ந்துவிட்டால் அந்தப் பக்கம் பின்தங்க, மறுபக்கம் மட்டும் எரிந்து ஓடும். சுருட்டு ஒருபக்கமாகக் குடைந்த படகுபோல் ஆகிவிடும்.

புகையை உள்ளே இழுக்காமல் எப்படி ஏறுகிறது?

சிகரெட்டுக்கான இலையைப் பெரும்பாலும் சூடான காற்றில் சில நாட்களில் உலர்த்திவிடுகிறார்கள். அதன் சர்க்கரை இலையிலேயே தங்கிவிடுவதால் புகை அமிலத் தன்மையோடு இருக்கும். அந்தப் புகையிலுள்ள நிக்கோட்டின் வாய்த் தோல் வழியே அதிகம் போகாது, நுரையீரல் வரை இழுத்தால்தான் ஏறும். சுருட்டு இலை கொட்டகையில் ஒன்றரை இரண்டு மாதம் தொங்கிக் காற்றில் உலர்கிறது, பிறகு நொதிக்கிறது. அதன் புகை காரத் தன்மையுடையது; மிளகாயின் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை. காரப் புகையிலுள்ள நிக்கோட்டின் கன்னத்தின் உட்புறத் தோலிலேயே ஊடுருவிவிடும். சுருட்டுப் புகையை வாயோடு நிறுத்திக்கொள்வதன் காரணம் இதுதான்.

இந்த வழி மெதுவானது. முதல் கால் மணி நேரம் ஒன்றுமே தெரியாது. ‘இது லேசான சுருட்டு’ என்று நினைத்து வேகவேகமாக இழுப்பவர்கள், பாதியைத் தாண்டும்போது கிறுகிறுப்பு, குளிர்ந்த வியர்வை, வாயில் நீர் ஊறுதல், குமட்டல் என்று மாட்டிக்கொள்கிறார்கள். அறிகுறி தெரிந்தவுடன் சுருட்டை வைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். சற்று இனிப்பாக ஏதாவது சாப்பிடுவது பலருக்கு உதவுகிறது. வாந்தி தொடர்ந்தாலோ நெஞ்சு படபடப்பு அடங்காவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். வெறும் வயிற்றில் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் வரும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: காட்டம் என்பது நிக்கோட்டின். அது நிரப்பிலையில், குறிப்பாக உச்சியிலையில் இருக்கிறது. நாக்கில் தெரியாது, உடம்பில் தாமதமாகத் தெரியும்.

கனம் என்றால் என்ன?

தண்ணீர், பால், சுண்டக் காய்ச்சிய பால் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தாலும் வித்தியாசம் தெரியும். புகையிலும் அப்படித்தான். ஒரு இழுப்பு வாயில் நிறுத்தி, நாக்கை மெல்ல அசைத்துப் பாருங்கள். வந்த சுவடு தெரியாமல் கலைந்தால் கனம் குறைவு. வாய் முழுவதும் பரவி, வெளியே விட்ட பிறகும் நாக்கில் ஒரு பூச்சுபோல் நின்றால் கனம் கூடுதல்.

கனமும் காட்டமும் பெரும்பாலும் சேர்ந்து வருவதால் ஒன்றென்று தோன்றும். ஆனால் நன்றாக நொதித்த அகலமான, தடித்த இலைகளைக் கொண்டு செய்த சுருட்டில் புகை கெட்டியாக வரும், கிறுகிறுப்போ மிகக் குறைவாக இருக்கும். கனத்தைப் பற்றி இதற்கு மேல் தெரிந்துகொள்ள அதிகமில்லை. கனமாக இருப்பதால் காட்டமாகவும் இருக்கும் என்று முடிவுகட்டாமல் இருந்தால் போதும்.

சுவை: பாதி வேலை மூக்குக்கு

நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாறு போன்ற ஐந்தாவது ருசி. அவ்வளவுதான். தேவதாரு மரம், தோல், கொக்கோ, வறுத்த பருப்பு, காய்ந்த புல், ஈர மண் என்று சுருட்டைப் பற்றிச் சொல்லும் சொற்கள் எல்லாம் மணங்கள். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. மூக்கை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்து விடுங்கள். கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் இனிப்பு, வேறெதுவும் இருக்காது. விரலை எடுத்துவிட்டு மறுபடி இழுங்கள். சற்றுமுன் காணாமல் போன அத்தனையும் ஒரே மூச்சில் வந்து நிற்கும்.

இதனால்தான் பழகியவர்கள் அவ்வப்போது புகையை மூக்கு வழியே விடுகிறார்கள். செய்முறை இது: ஒரு சிறு இழுப்பு வாயில் எடுத்து, முக்கால்வாசியை வாய் வழியே ஊதிவிட வேண்டும். உதட்டை மூடி, மிச்சமிருக்கும் கொஞ்சத்தை, மூச்சு விடுவதுபோல் மெதுவாக மூக்கு வழியே தள்ள வேண்டும். எந்தக் கட்டத்திலும் மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது. நான்கைந்து இழுப்புக்கு ஒரு முறை போதும். முழுப் புகையையும் தள்ளினால் மூக்கு எரிந்து கண்ணீர் வருவதைத் தவிர ஒரு மணமும் பிடிபடாது.

அந்த எரிச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. மிளகுபோல் சுரீரென்று தொண்டையிலும் மூக்கிலும் படுவதைக் காட்டம் என்று எண்ணுகிறவர்கள்தான் அதிகம். அது நரம்பு நுனிகளைப் புகை உறுத்துவதால் வரும் காரம், சுவையின் ஒரு பகுதி. மிளகுக் காரம் அதிகமாக இருக்கும் சுருட்டில் நிக்கோட்டின் மிதமாக இருக்கலாம். ஒரு உறைப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் சுருட்டு, எழுந்து நிற்கும்போது காலை வாரிவிடலாம். புதிதாகச் சுருட்டியதில் இருக்கும் இந்தச் சுரீர், பெட்டியில் மாதங்கள் கழியும்போது தானாகவே தணியும்.

கொக்கோ மணம் வருகிறதென்றால் கொக்கோவைக் கலந்தார்கள் என்று அர்த்தமில்லை. வாசனைச் சாறு ஏற்றிய சுருட்டுகள் தனி வகை, அவற்றின் பெட்டியிலேயே அப்படிப் போட்டிருக்கும். மற்றவற்றில் மணத்தைப் பெரும்பாலும் உருவாக்குவது நொதித்தல். ஈரம் ஏற்றிய இலைகளை ஆளுயரத்துக்குக் குவியலாக அடுக்குவார்கள். தன் எடையிலும் ஈரத்திலும் குவியல் தானாகவே சூடேறும். நடுவில் வெப்பமானியைச் செருகி வைத்திருப்பார்கள். சூடு எல்லையைத் தொட்டதும் குவியலைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் வைத்து மறுபடி அடுக்குவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அமோனியா வெளியேறும், கரகரப்புக் குறையும், நிக்கோட்டினும் ஓரளவு குறையும். இந்தச் சுற்றுகளை அவசரத்தில் குறைத்துவிட்டால் சுருட்டில் மூக்கைக் குத்தும் அமோனியா வாடை மிஞ்சும். அதைப் பலர் ‘செம ஸ்ட்ராங்’ என்று பாராட்டிவிடுகிறார்கள். அது பக்குவம் வராத இலை.

அப்படியானால் நிறம் எதற்கு அடையாளம்?

நிறம் மேலிலையின் பக்குவத்தைச் சொல்கிறது. சுவையை ஊகிக்க அது பயன்படும். வெளிர் பழுப்பு நிறத்தைக் கிளாரோ என்பார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கில் துணிப் பந்தலின் நிழலில் வளர்ப்பதும், மேகமூட்டமே பந்தலாக அமையும் ஈக்வடாரில் அதே விதையைப் போட்டு வளர்ப்பதும் இந்த வகை. பாலாடை, காய்ந்த புல், பருப்பு போன்ற சாந்தமான மணங்கள். செம்பழுப்பு நிறம் கொலராடோ. ஹபானோ, கொரோஹோ என்ற கியூப விதை வழி இலைகள் பல இந்த நிறத்தில் வரும், மிளகும் மரமும் மணக்கும். கரும்பழுப்பு மதுரோ, அதைவிடக் கறுப்பு ஒஸ்குரோ. பச்சை நிறத்திலேயே ஒரு மேலிலை உண்டு, பெயர் கண்டேலா. பறித்தவுடன் சூடேற்றி விரைவாக உலர்த்துவதால் பச்சையம் அப்படியே நின்றுவிடும்.

மதுரோ என்றால் ஸ்பானிய மொழியில் ‘கனிந்தது’. அதிகச் சூட்டில் நீண்ட காலம் நொதிக்கவைத்து நிறத்தை ஏற்றுகிறார்கள். அதைத் தாங்கும் தடித்த இலை வேண்டும். கனெக்டிகட்டின் அகலிலையும் மெக்சிகோவின் சான் ஆன்ட்ரேஸ் இலையும் இதற்குப் பேர்போனவை. நீண்ட நொதித்தல் நிக்கோட்டினைக் குறைக்கும் என்று மேலே பார்த்தோம். ஆகவே கறுப்பு மேலிலை தன் பங்குக்குத் தருவது பெரும்பாலும் இனிப்பு, கொக்கோ, காப்பி மணம். உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்பது தனிக் கேள்வி. அவசரக்காரர்கள் இலையை ஆவியில் வேகவைத்தும் கறுப்பாக்குவதுண்டு. அப்போது நிறம் பக்குவத்தைக்கூடச் சொல்லாது.

சுருக்கமாக: நிறத்தைப் பார்த்துச் சுவையைக் கேளுங்கள். காட்டத்தை நிரப்பிலையிடம் கேளுங்கள்.

விளைந்த நாடும் ஒரு குறிப்பு தரும். டொமினிக்கன் குடியரசின் கலவைகள் பல சாந்தமானவை. நிகராகுவாவின் எஸ்தெலி எரிமலை மண்ணில் விளைவது காரமும் காட்டமும் கூடியது, அதே நாட்டின் ஹலாப்பா பள்ளத்தாக்கு இலை இனிப்பும் மென்மையும் கொண்டது. ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு தூரம் இருப்பதால், நாட்டின் பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாது.

அளவு செய்யும் மாற்றம்

சுருட்டின் பருமனை ரிங் என்ற அளவால் சொல்வார்கள். ஒரு ரிங் என்பது ஓர் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு. 50 ரிங் சுருட்டின் குறுக்களவு ஏறத்தாழ 20 மில்லிமீட்டர், 38 ரிங் சுருட்டுக்கு 15.

மேலிலையின் தடிமன் எல்லா அளவிலும் ஒன்றுதான். சுருட்டு மெலிந்தால் உள்ளே இருக்கும் நிரப்பிலை குறையும், மேலிலையின் பங்கு ஏறும். 50 ரிங்கிலிருந்து 38 ரிங்குக்கு வந்தால் அந்தப் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு மடங்கு கூடிவிடுகிறது. மேலிலையின் சுவை பிடித்திருந்தால் மெல்லிய அளவை எடுக்கலாம்.

நீளத்தைப் பார்த்துக் காட்டத்தைக் கணிக்கவும் கூடாது. 5 அங்குல நீளமும் 50 ரிங்கும் கொண்ட ரொபுஸ்டோவில், 7½ அங்குலமும் 38 ரிங்கும் கொண்ட லான்செரோவைவிடப் புகையிலை அதிகம். 7 அங்குலம், 47 ரிங் உள்ள சர்ச்சில் அளவிலோ ரொபுஸ்டோவைவிட நான்கில் ஒரு பங்கு கூடுதல். ஒரே கலவை என்றாலும் புகையிலை கூடினால் உடம்பில் ஏறும் மொத்தம் கூடும்.

தேர்வு செய்யும் முறை

பெட்டியில் போட்டிருக்கும் மைல்டு, மீடியம், ஃபுல் என்ற சொற்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனம் மீடியம் என்பது இன்னொன்றின் ஃபுல்லாக இருக்கும். சிலர் அந்தச் சொல்லால் காட்டத்தைக் குறிக்கிறார்கள், சிலர் கனத்தை. அதனால் விற்பவரிடம் ‘ஸ்ட்ராங்கா?’ என்று கேட்பதில் பயனில்லை. நிரப்பிலை எந்த ஊரினது, லிகேரோ எவ்வளவு, மேலிலை எந்த விதை, எங்கே விளைந்தது என்று கேளுங்கள். தெரிந்தவர் பதில் சொல்வார்.

முதலில் ஒரே அளவில் மூன்று வாங்கினால் போதும். ரொபுஸ்டோ அளவு ஒப்பிட வசதி, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் எரியும். ஒன்று, கனெக்டிகட் விதை மேலிலையும் சாந்தமான டொமினிக்கன் நிரப்பிலையும் கொண்டது. இரண்டாவது, ஹபானோ மேலிலை. மூன்றாவது, லிகேரோ குறைந்த மதுரோ. ஒரே நாளில் இரண்டைத் தொடக் கூடாது. ஒவ்வொன்றையும் சாப்பாட்டுக்குப் பிறகு, தண்ணீர் மட்டும் வைத்துக்கொண்டு சோதியுங்கள். இனிப்புப் பானமோ மதுவோ கூட இருந்தால் எது எதன் சுவை என்று பிரிக்க முடியாது.

சோதனை கெடுவது பெரும்பாலும் சுருட்டின் குற்றமாக இருக்காது. ஈரம் கூடிய சுருட்டு அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கும், இழுக்கத் திணறும், கசக்கும். காய்ந்தது சடசடவென்று எரிந்து நாக்கைச் சுடும். 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில், 18 முதல் 21 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் மூடிய பெட்டியில் வைத்து எடுத்தால் இரண்டும் சரியாகும். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டைகள் பொரிக்கத் தொடங்கலாம்.

வாய் வைக்கும் முனையில் ஒட்டியிருக்கும் தொப்பியை 2 மில்லிமீட்டருக்கு மேல் வெட்டக் கூடாது. முனை வளைந்து சுருட்டின் உடலோடு சேரும் தோள்பட்டைக்குக் கீழே வெட்டினால் மேலிலை பிரிந்துவிடும். பற்றவைக்குமுன் ஒரு முறை வெறுமனே இழுத்துப் பாருங்கள், காற்று தடையின்றி வர வேண்டும். தீச்சுவாலை இலையைத் தொடாமல் சற்றுக் கீழே பிடித்து, சுருட்டைத் திருப்பித் திருப்பி முனை முழுவதும் கனலும்படி செய்ய வேண்டும். பிறகு நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. அதைவிட வேகமானால் கங்கு சூடேறி, எந்த நல்ல இலையும் தார் கசப்பாகிவிடும். கடைசி மூன்றில் ஒரு பங்கில் எல்லாச் சுருட்டும் கசப்பும் சூடும் கூடித்தான் வரும், ஆகவே முதல் இரண்டு பங்கை வைத்து மதிப்பிடுங்கள். பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிடலாம், தானாக அணைந்துவிடும்.

ஒரு தாளில் மூன்று எண்கள் மட்டும் எழுதுங்கள், ஒவ்வொன்றும் ஐந்துக்கு. சுவையை இருபதாவது நிமிடத்திலும், கனத்தை நடுவிலும், காட்டத்தை முடித்து எழுந்து நின்ற பிறகும் எழுத வேண்டும். மதுரோவுக்குச் சுவை 5, கனம் 4, காட்டம் 2 என்று வந்தால் அதே மேலிலையில் சற்று லிகேரோ கூடிய கலவைக்கு அடுத்து நகரலாம். ஹபானோவுக்குச் சுவை 5, காட்டம் 4 என்று வந்து தலை கிறுகிறுத்திருந்தால், மேலிலையை மாற்ற வேண்டாம். அதே விதையில், ஹலாப்பா போன்ற மென்மையான நிரப்பிலை வைத்ததை, 42 ரிங் பருமனில் கேளுங்கள்.